பாயசக் கிண்ணத்தில் சீஸ்

எங்கள் வீட்டுக்குள் சீஸ் நுழைந்தது 2004 ஜனவரியில். அம்மா அதை 2003 என்பாள். அது சரியல்ல. நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஹைதராபாத் மல்காஜ்கிரி வீட்டின் முன்னறைக்கு வெள்ளையடித்து ஒரு தீபாவளி கழிந்திருந்தது. அத்தை வேலைக்குச் சேர்ந்து அது இரண்டாவது பொங்கல். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறு வருஷம் வர வழியில்லை. பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. வானத்தில் இன்னும் பட்டங்கள் மிச்சமிருந்தன. வருஷம் மாதம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். ஆனால் அன்று கண்ணால் பார்த்தது எவ்வளவு, விளங்கிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்தறிய எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இருவருக்கும் நடுவே வயது வித்தியாசம் அதிகம். தென்காசியில் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, படித்துக்கொண்டிருந்த தங்கையை அப்பா கையோடு ஹைதராபாத்துக்கு அழைத்து வந்துவிட்டார். அமீர்பேட்டில் ஒரு மாடி வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்க வைத்ததும், தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று கூட்டி வந்ததும் அவர்தான். பிறகு அத்தைக்கு கச்சிபௌலிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வாசலுக்கு வேன் வந்தது. அப்பாவுக்கு பஸ் ஸ்டாப் வேலை போயிற்று. அதற்குப் பிறகும் சில நாள் அந்த நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்புவார்.

அப்பா பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். கோபக்காரர் அல்ல, அப்படி யாராவது சொன்னால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் சலுகை கிடையாது. எச்சில். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். அவர் தம்ளரை வேறு யாரும் தொடுவதில்லை. அம்மா குழம்புக்கு உப்புப் பார்க்க வேண்டுமென்றால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, கையைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி அடுப்புக்கு வருவாள். நான் கடலைமிட்டாயை பாவாடை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துப் பாதியை நீட்டினால்கூட வாங்கமாட்டார். என் பள்ளித் தோழிகள் எல்லாம் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கும்போது நான் மட்டும் மூக்கில் தண்ணீர் ஏற அண்ணாந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அவர்தான்.

அந்த வருஷம் அத்தை தன் ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தாள். ஏழெட்டுப் பேர். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் சொந்தக்காரர்களாகவோ, அப்பாவின் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்களாகவோதான் இருப்பார்கள். இவர்கள் பார்ட்டிக்கு வருகிறார்கள் என்றாள் அத்தை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை உபயோகித்ததில்லை.

பார்ட்டிக்கு அவள் செய்யத் தீர்மானித்தது சீஸ் டிப். அமெரிக்கா போய்வந்த ஒரு சிநேகிதி சொல்லிக் கொடுத்தது. வெண்ணெயை உருக்கி, ஒரு கரண்டி மைதாவை அதில் வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கெட்டிப்பட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டுத் துருவிய சீஸைப் போட்டால் தானாக உருகிக் கலந்துவிடும். மேலே மிளகுத்தூள். இவள் நம் ஊருக்காகப் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் சேர்த்தாள். சிப்ஸை அதில் முக்கித் தின்ன வேண்டியதுதான்.

"அஞ்சே நிமிஷம், மதினி. நீங்க பூரிக்கு மாவு பிசையுத நேரத்துல முடிஞ்சிரும்."

"அஞ்சு நிமிஷத்துல செய்யுததை ஆளுக்கு முன்னால வைக்கவா? என்ன நினைப்பாங்க?" என்றாள் அம்மா. அதனால் அவள் பங்குக்கு முறுக்கும் ஓலைப்பக்கோடாவும் முதல் நாளே தயாராகியிருந்தன.

சீஸ் டின்னை அப்பாதான் அலுவலக கேன்டீனிலிருந்து வாங்கி வந்தார். ஒன்று கேட்டதற்கு இரண்டு வாங்கி வந்திருந்தார். அத்தை அதைத் துருவ, நான் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்ததைப் பொறுக்கித் தின்றேன். சோப்பும் உப்பும் சேர்ந்தாற்போல் ஒரு ருசி. அம்மா வாணலியை எட்டிப் பார்த்து, கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டு, "ஏ பிள்ள, கம்பிப் பதம் வந்துட்டு. இறக்கு" என்றாள்.

அத்தை சிரிக்கவில்லை. கிளறிக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினாள். நான் அங்கே இருப்பதை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை. எனக்குத் தமிழ் பாதிதான் விளங்கும் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். நான் எதற்கும் தெலுங்கிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த எண்ணம் அது.

"அண்ணாச்சி இன்னைக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினாப் போதும், மதினி."

"நீயே அவங்ககிட்டச் சொல்லேன்."

"சொல்லி, அவங்க வேண்டாம்னுட்டா? அப்புறம் நான் இந்த வீட்டுல எப்படி இருக்க? எனக்குச் சோறு போட்டு வளத்த ஆளை 'வேண்டாம்'னு சொல்ல வைக்கணுமா?" கரண்டி வாணலியின் ஓரத்தில் தட்டியது. "அவங்களே பாக்கட்டும். பாத்துட்டு, யாரு இந்தப் பையன்னு ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா எல்லாத்தையும் சொல்லிருதேன். கேக்கலைன்னா நாளைக்கு ஆபீஸ்ல 'சரி'ன்னு சொல்லிட்டு அமெரிக்காவுக்குப் போயிருதேன். ரெண்டு வருஷ வேலை. அவருக்கும் தெரியும்."

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம், மதினி. நீங்க சொல்லித் தெரிய வேண்டாம்."

அத்தைக்கு அமெரிக்கா போக வாய்ப்பு வந்திருக்கிறது என்பது மட்டும்தான் இதில் எனக்குப் புரிந்தது. பொம்மை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் கிண்ணத்தில் வந்தது. ஜெனரல் பஜாரிலிருந்து அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை அத்தை வாங்கி வைத்திருந்தாள். நடுவில் கிண்ணம், சுற்றிலும் சிப்ஸ், அதைச் சுற்றி ஆட்கள். அதுதான் முறை என்றாள். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"ஒரே கிண்ணமா? அத்தன பேரும் அதுலயா கைய விடுவாங்க?"

"கையை இல்ல, மதினி. சிப்ஸை."

"கடிச்ச சிப்ஸை மறுபடி முக்கினா?"

அத்தை கிண்ணத்தைத் திருப்பித் துடைத்தாள். மறுபடி முக்கத்தான் செய்வார்கள்.

"உங்க அண்ணாச்சி முன்னறையில இருக்கப் போறாங்க. அவங்க கண்ணு முன்னால இது நடக்கணுமா? அதுவும் இன்னைக்கு?"

கடைசியில் சொன்ன "இன்னைக்கு" அத்தையை மடக்கிவிட்டது. கண்ணாடிக் கிண்ணம் அலமாரிக்குப் போயிற்று. பரணிலிருந்து பாயசக் கிண்ணங்கள் இறங்கின. எவர்சில்வர், உள்ளங்கை அகலம், விசேஷ நாட்களில் மட்டும் வெளியே வருபவை. ஆளுக்கு ஒன்று என்று அம்மா அளவாக ஊற்றி, தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உருகிய சீஸ் பெரிய பாத்திரத்தில்தான் சூடு தாங்கும், சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், அதுவும் ஜனவரி மாதத்து ஹைதராபாத் சாயங்காலத்தில், பேசி முடிப்பதற்குள் உறைந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? எச்சில் படாமல் சீஸ் டிப் பரிமாற முயன்ற குடும்பம் உலகத்தில் எங்களுடையதாக மட்டுமே இருக்கும்.

நான்கு மணிக்கு மேல் வந்தார்கள். வாசலில் பைக்குகள் நின்றன. அப்பா தன் நாற்காலியில் இருந்தார். ஒவ்வொருவராகக் கும்பிட, ஒவ்வொருவரிடமும் தெலுங்கில் ஊர் விசாரித்தார். குண்டூரா, நெல்லூரா, அங்கே எந்தப் பக்கம், தண்ணீர் வசதி எப்படி. கடைசியாக உள்ளே வந்தவர் உயரமாக, காதோரம் அதற்குள் ஒன்றிரண்டு நரைத்திருந்தவர். கரீம்நகர் பக்கத்துக்காரர், சிறு வயதிலிருந்தே ஹாஸ்டலில் வளர்ந்தவர் என்று பிறகு தெரியவந்தது. அவர் கும்பிட்டதும் அப்பாவும் கும்பிட்டார். உட்காரச் சொன்னார். ஊர் மட்டும் கேட்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற அத்தை அதைக் கவனித்தாள். நானும் கவனித்தேன். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தாம்பாளம் வந்தது. முதல் நிமிஷம் நன்றாகவே போயிற்று. பேச்சு ஆபீஸ் மேனேஜரைப் பற்றித் திரும்பிச் சூடு பிடித்தபோது சீஸ் சூட்டை விட்டுவிட்டது. குண்டூர்க்காரர் சிப்ஸைக் குத்தினார், சிப்ஸ் உடைந்தது. முறுக்கால் குத்தினார், அது உள்ளேயே நின்றுகொண்டது. அவர் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"இது டிப் இல்லைங்க, கலாகண்ட்!" என்றார் தெலுங்கில். "ஆன்ட்டி, ஒரு கத்தி கொடுங்க, துண்டு போட்டுச் சாப்பிடுறோம்."

"நக்கோ பாய், வேண்டாம், பல்லு போயிரும்" என்றார் இன்னொருவர். அறை முழுவதும் சிரித்தது. அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தையும் சிரித்தாள், கண் மட்டும் அப்பா பக்கம் இருந்தது. அப்பா சிரித்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததை எழுதக் கூடாது.

அப்போது மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பெரிய பட்டம் ஒன்று அறுபட்டு எங்கள் மாடிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் எஞ்சினீயர்கள் சிப்ஸைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினார்கள். "அதுக்குள்ள சூடு பண்ணிருதேன்" என்று அத்தை கிண்ணங்களையெல்லாம் சேகரித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அம்மாவும் போனாள்.

முன்னறையில் மூன்று பேர் மிஞ்சினோம். அப்பா, நான், அந்த உயரமானவர்.

அவர் மாடிக்கும் போகவில்லை, கிண்ணத்தையும் கொடுக்கவில்லை. தாம்பாளம் வந்ததிலிருந்து அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், குளிருக்கு டீ தம்ளரைப் பிடிப்பதுபோல. பதற்றத்தில் செய்தாரோ என்னவோ. அதனால் அதிலிருந்த சீஸ் மட்டும் உறையவில்லை. பாதி தின்றிருந்தார். கடித்த சிப்ஸையே மறுபடி முக்கி முக்கித் தின்றதை நான் பார்த்திருந்தேன்.

மேலே தடதடவென்று காலடிகள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். கிண்ணத்தைப் பார்த்தார். அதை அப்பாவின் பக்கம் நீட்டினார்.

"இது இன்னும் மெத்தகா உந்தி சார். தீஸ்கோண்டி." இன்னும் இளக்கமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் அப்பாவிடம் அப்படி ஒரு கிண்ணத்தை யாரும் நீட்டியதில்லை. அவர் என்ன சொல்லி மறுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அவரைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து, அந்தக் கிண்ணத்தில் நன்றாக முக்கி, வாயில் போட்டு மென்றார்.

"பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது.

"அப்பா," என்றேன் நான், "எங்கிலி." தெலுங்கில் எச்சில்.

"பரவால்லட்டி," என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை.

பிறகு, எதைத் தின்றாலும் கையலம்பி வாய் கொப்பளிக்கும் தன் வழக்கப்படி எழுந்து பின்கட்டுக்குப் போனார். சரியாக அப்போதுதான் அத்தை பிடிதுணியில் வாணலியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பார்த்தது அப்பாவின் முதுகை. கேட்டது, அவர் வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தத்தை. அந்த மனிதர் கையில் கிண்ணத்தோடு, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

அத்தை வாணலியை மேஜைமேல் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, உருகிய சீஸை முழுவதுமாக அதில் ஊற்றினாள். அறுபட்ட பட்டத்தோடு இறங்கி வந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தில் முக்கித் தின்று தீர்த்தார்கள். அம்மா தடுக்கவில்லை. அப்பா உள்ளறைக்குப் போய் ரேடியோவைத் திருப்பிக்கொண்டார். சிறுசுகள் பேசட்டும் என்று அவர் ஒதுங்குவது வழக்கம்தான். புறப்படும்போது மட்டும் வெளியே வந்து, எல்லாருக்கும் பொதுவாக "மறுபடியும் வாங்க" என்றார். யார் வந்துவிட்டுப் போனாலும் சொல்வதுதான் அது.

பாத்திரம் தேய்க்கும்போது அத்தை அழுதாள். வாணலியின் அடியில் சீஸ் தீய்ந்து ஒட்டியிருந்தது. அதற்காகத்தான் என்று நினைத்து, நான் போய்க் கத்தியால் சுரண்டிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் அவள் அமெரிக்கா போனாள். விமான நிலையம் அப்போது பேகம்பேட்டில் இருந்தது. இரண்டு வருஷம் நான்காயிற்று. 2008ல் அப்பா பார்த்த இடத்திலேயே கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமானவரைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அதன்பிறகு எழவில்லை. எழாமல் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால், எல்லாரும்தான்.

2018ல் நான் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா, "தம்பிக்கு எந்த ஊரு? அப்பா என்ன செய்யுதாங்க? நீங்க ரெண்டு பேரும் எப்போ வச்சுக்கலாம்னு இருக்கீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். வந்தவர் மிரண்டுபோனார். அவர் போன பிறகு நான் சண்டைக்குப் போனேன். இப்படியா கேட்பது என்றேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

"உங்க அத்தைகிட்ட நான் கேக்கல. பையன் வந்து நின்னு கும்பிட்ட தோரணையிலயே தெரிஞ்சுபோச்சு. நம்ம கேட்டா, வேண்டாங்கதுக்குத்தான் கேக்குதோம்னு பயந்துருவாளோன்னு இருந்துட்டேன். அவன் கிண்ணத்துல எடுத்துத் தின்னேம்லா. அத விட என்ன சொல்ல? அவளா வருவா வருவான்னு பாத்தேன். மறுநாள் வந்து அமெரிக்கா போறேன்னா. சரி, வேலைதான் பெருசுன்னு முடிவு பண்ணிட்டா போல, தடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அத்தை என் கல்யாணத்துக்கு வந்தாள். 2019, ஆவணி. வரவேற்பில் சமையல்காரர் ஒரு மூலையில் சீஸ் டிப் வைத்திருந்தார், பெரிய சட்டி, அடியில் சின்னதாக நெருப்பு. அத்தை அதன் எதிரே தட்டோடு நின்றிருந்தாள். மறுநாள் கிளம்பும் முன் அவளைத் தனியாக உட்காரவைத்து, அப்பா சொன்னதையும் நான் பார்த்ததையும் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லலாமா என்ற யோசனை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. புடவைத் தலைப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவர் கிண்ணத்துலயா?" என்றாள்.

"ஆமா."

"அப்போ அண்ணாச்சி கை கழுவத்தான் எந்திரிச்சாங்களா?"

"ஆமா, அத்தை."

கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. அவள் கணவர் பெட்டியை எடுக்க மேலே வந்தார். அத்தை எழுந்து, வாஷ்பேசினில் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். பிறகு அப்பாவின் அறைக்குப் போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இவ்வளவுதான். அந்த முன்னறையில் அன்று மூன்று பேர் இருந்தோம். ஹாஸ்டலில் வளர்ந்தவருக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. யாரோ ஒரு பெரியவர் ஒரு சிப்ஸ் தின்றார், அவ்வளவுதான். நடத்தியவருக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. மூன்றாவது ஆளுக்குப் பத்து வயது. அவளுக்கு எச்சில் விதி முழுவதும் தெரியும், அது அன்று மீறப்பட்டதும் தெரியும்.

அவள் அதைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடை நுனியில் கடலைமிட்டாயைச் சுற்றி, பாதி கடித்து, அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்த அப்பாவிடம் மீதியை நீட்டினாள். சட்டம் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க.

"எச்சில்ட்டி. நீயே தின்னு," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே அத்தை அம்மாவிடம், ஆபீஸில் 'சரி' சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மிட்டாயைக் கடித்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தேன். கடைசியில், சீஸுக்கு மட்டும் எச்சில் கிடையாது போலிருக்கிறது என்று முடிவுகட்டி, விளையாடப் போனேன்.